ஆலிவ் வரிசைகளும் அல்கேவா தண்ணீரும்

2002 பிப்ரவரி 8 அன்று போர்ச்சுகலின் தெற்கே, குவாதியானா ஆற்றின் குறுக்கே கட்டிய அல்கேவா அணையின் மதகுகளை மூடினார்கள். அலென்தேஜு வட்டாரத்துக்குப் பாசனம் கொடுக்கும் திட்டம் 1957-லேயே காகிதத்துக்கு வந்துவிட்டது. சர்வாதிகாரம், புரட்சி, நிலச் சீர்திருத்தம், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாவற்றையும் தாண்டித்தான் அணை எழுந்தது. லூஸ் என்ற கிராமம் முழுக்க நீரில் போனது. ஊர்மக்களைப் பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய ஊருக்கு மாற்றினார்கள், கல்லறைகள் உட்பட. 2010 ஜனவரியில் அணை முதன்முறையாக நிரம்பியது. கொள்ளளவு 415 கோடி கன மீட்டர், நீர்ப்பரப்பு 250 சதுர கிலோமீட்டர். மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய செயற்கை ஏரி அதுதான்.

மழை குறைந்த, இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஒரு வட்டாரத்துக்குத் தண்ணீர் வந்தால் பலவகைப் பயிர்கள் வரும், வேலை வரும், ஊர் பிழைக்கும் என்பது அணை கட்டியவர்களின் கணக்கு. முதல் கட்டத்திலேயே சுமார் 1,20,000 ஹெக்டேருக்குப் பாசனம் கிடைத்தது. ஆனால் அதில் வேறெதையும்விட அதிகமாக வந்து உட்கார்ந்த பயிர் ஆலிவ்.

ஆலிவ் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. ரோமானியர் காலத்திலிருந்தே இருக்கிறது. புதிதாக வந்தது அதை நடும் முறை. பழைய தோப்பில் ஹெக்டேருக்கு நூறு மரம் இருந்தாலே அதிகம். மரங்களுக்கு நடுவே ஆடு மேயும், சில இடங்களில் கோதுமையும் விதைப்பார்கள். மழையை மட்டும் நம்பிய இந்த மரங்கள் நூற்றாண்டுகள் வாழ்பவை. அடுத்து வந்த ‘தீவிர’ முறையில் ஹெக்டேருக்கு முந்நூறு, நானூறு மரங்கள், சொட்டு நீர்ப்பாசனத்தோடு. அதற்கும் அப்புறம் வந்த ‘அதிதீவிர’ முறையில் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் செடிகள்வரை நடுகிறார்கள். இந்த முறையில் ஆலிவ் மரம் மரமாகவே வளர்வதில்லை. தேயிலைத் தோட்டம்போல வெட்டி வெட்டி, ஆளைவிடக் கொஞ்சம் உயரமான நீண்ட வேலியாக நிறுத்திவிடுகிறார்கள். பேஜா நகரைச் சுற்றியுள்ள களிமண் சமவெளியில் இப்போது சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை இந்த வேலிகள்தான்.

வேலியாக வளர்ப்பதற்குக் காரணம் அறுவடை இயந்திரம். இரண்டு உயரமான கால்களால் வரிசையை நடுவில் விட்டுக்கொண்டு அது செடிகளின் மேலேயே ஊர்ந்து போகும். உள்ளே இருக்கும் வளைந்த தடிகள் கிளைகளைப் படபடவென அடித்து உலுக்க, காய்கள் கீழே உள்ள தட்டுகளில் விழுந்து தொட்டிக்குப் போகும். இந்த இயந்திரத்துக்கு ஒத்துவரும் ரகங்கள் மிகக் குறைவு. ஸ்பெயினின் அர்பெகினா, அர்போசானா, கிரேக்கத்தின் கொரோனெய்கி ஆகியவைதான் முக்கியமானவை. அந்த ஊருக்கே உரிய கலேகா, வேலிக்கு அடங்காததால் பின்வாங்கிவிட்டது.

நிலம் எப்படிக் கைமாறியது என்பதும் முக்கியம். அலென்தேஜு காலங்காலமாகப் பெரும் பண்ணைகளின் பூமி. தண்ணீர் வந்தபோது அங்கே நிலம் மலிவு, பண்ணைகள் பெரிது, விற்க உரிமையாளர்களும் தயார். எல்லைக்கு அப்பால், ஸ்பெயினின் ஆண்டலூசியாவில் நிலமும் தண்ணீரும் இறுக்கமாகிக்கொண்டிருந்த நேரம் அது. ஸ்பானியத் தோப்புக்காரர்கள் முதலில் வந்தார்கள், முதலீட்டு நிதியங்கள் பின்னால் வந்தன. விளைச்சலில் அதன் பலன் மறுக்க முடியாதது. 2000-த்தையொட்டிய ஆண்டுகளில் தன் தேவைக்கே எண்ணெயை இறக்குமதி செய்த போர்ச்சுகல், 2021-ல் 2 லட்சம் டன்னைத் தாண்டி உற்பத்தி செய்தது. இன்று அது ஏற்றுமதி நாடு.

இந்தத் தோப்புகளை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. அதிதீவிர ஆலிவுக்கு அல்கேவா பகுதியில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கன மீட்டர் தண்ணீர் போதும், மக்காச்சோளத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். வரிசைகளுக்கு நடுவே புல் விட்டால், ஆண்டுதோறும் உழும் நிலத்தைவிட மண் பத்திரமாக இருக்கும். இதே மண் ஏற்கெனவே ஒருமுறை சீரழிந்ததும் உண்மைதான். 1929-ல் தொடங்கிய ‘கோதுமை இயக்கம்’ அலென்தேஜுவை நாட்டின் தானியக் களஞ்சியமாக்கப் போவதாகச் சொல்லி, சரிவு, பாறை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் உழ வைத்தது. மேல்மண் அடித்துப் போனதன் தழும்பு அங்கே இன்னும் தெரிகிறது. கோதுமையைவிட ஆலிவ் மோசம் என்று நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒரு தோப்பை மட்டும் எடுத்துவைத்துப் பேசினால்தான் இந்த வாதம் நிற்கும். ஒரு தோப்பு, அதற்கு அடுத்த தோப்பு, அதற்கும் அடுத்தது என்று பல்லாயிரம் ஹெக்டேர் ஒரே மாதிரி ஆகும்போது வரும் பிரச்சினைகள் எந்தத் தனித் தோப்பின் விண்ணப்பத்திலும் தெரியாது. அந்தப் பிரச்சினைகளைப் பார்க்க வேண்டிய கண் அரசிடம் இல்லாமல் போனதுதான் என் வருத்தம்.

பறவைகளின் கதை இதற்கு மிகத் தெளிவான சாட்சி. குளிர்காலத்தில் வடக்கு ஐரோப்பாவிலிருந்து கோடிக்கணக்கான சிறு பறவைகள் மத்தியதரைக் கடல் ஓரத்துக்கு இறங்கி வருகின்றன. ஆலிவ் பழுக்கும் பருவமும் அதுவே. கதிர்க்குருவி, பூங்குருவி இனங்கள் பகலில் பழம் தின்று, இரவில் அடர்ந்த இலைக்குள் ஒடுங்கித் தூங்கும். அந்த ஊரில் இலை அடர்த்தியாக இருக்கும் இடம் இப்போது ஆலிவ் வேலிதான். இருட்டில் குளிர்ந்த காயைப் பறித்தால் எண்ணெயின் மணம் நன்றாக இருக்கும் என்றும், இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடினால் சீக்கிரம் முடியும் என்றும் இரவு அறுவடை பரவியது. பெரும் விளக்கோடும் இரைச்சலோடும் இயந்திரம் வரிசைக்குள் வரும்போது தூக்கத்தில் இருக்கும் பறவைக்குத் திசை தெரிவதில்லை. பறக்க முடியாமல் காயோடு சேர்ந்து தொட்டிக்குள் போய்விடுகிறது. ஆண்டலூசியாவில் மட்டும் ஆண்டுக்கு 26 லட்சம் பறவைகள்வரை இப்படிச் சாகலாம் என்று அந்த மாநில அரசின் அறிக்கையே மதிப்பிட்டது. 2019-ல் அங்கே இரவு அறுவடையை நிறுத்தினார்கள். பகலில் ஓடும் அதே இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் பறவைகள் பறந்துவிடுகின்றன. ஆகவே நேரத்தை மாற்றினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும் சிக்கல் இது. அப்படியிருந்தும் பல ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. தோப்புக்கு அனுமதி கொடுத்தவரும், தண்ணீர் கொடுத்தவரும், மானியம் கொடுத்தவரும் தனித்தனி அலுவலகங்களில் இருந்தார்கள். இரவு பத்து மணிக்கு வேலிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

புகையின் கதையும் இதேதான். இப்போதைய எண்ணெய் ஆலைகள் பெரும்பாலும் காயை எண்ணெய், ஈரச் சக்கை என்று இரண்டாக மட்டும் பிரிக்கும் முறையில் ஓடுகின்றன. நூறு கிலோ காயை அரைத்தால் ஏறத்தாழ இருபது கிலோ எண்ணெய் வரும். மிச்சமெல்லாம் ஈரமான, கரிய, சேறு போன்ற சக்கை. அதை உலர்த்தி, மிச்ச எண்ணெயைப் பிரிக்கத் தனித் தொழிற்சாலை வேண்டும். தோப்புகள் பெருகிய வேகத்தில் சக்கையும் பெருகியது. ஃபெரேரா பக்கம் ஃபோர்டெஸ் என்ற சிற்றூர் மக்கள், சக்கை உலர்த்தும் ஆலையின் புகையும் நாற்றமும் தாங்காமல் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். வயதானவர்கள் அதிகம் இருக்கும் ஊர் அது. வெயில் காலத்தில்கூட ஜன்னலைச் சாத்தியே வைக்கும் நிலை. எத்தனை ஹெக்டேர் நட்டால் எத்தனை டன் சக்கை வரும், அது எங்கே போகும் என்ற கணக்கு நடுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டியது. கடினமான கணக்கும் இல்லை அது. சக்கையை மாட்டுச் சாணம், வெட்டிய கிளைகளோடு சேர்த்து மட்க வைத்து, திரும்ப மண்ணுக்கே கொடுக்கும் முயற்சியை அல்கேவாவை நடத்தும் எடியா என்ற அரசு நிறுவனம் பின்னர் தொடங்கியது. நல்ல வேலை. ஆனால் சக்கை மலைபோலக் குவிந்த பிறகு வந்த வேலை.

அப்புறம் மனிதர்கள். இயந்திரம் பறித்தாலும் நடவு, கவாத்து, குழாய் போடுவது, தீவிர முறைத் தோப்புகளில் அறுவடை என்று பருவத்துக்குப் பருவம் ஆள் வேண்டும். பண்ணைக்காரர் நேரடியாக ஆள் எடுப்பதில்லை. வேலையை ஒரு சேவை நிறுவனத்திடம் விடுவார். அது இன்னொரு ஏஜெண்டிடம் விடும். கடைசியில் யாருக்கு யார் முதலாளி என்று சொல்ல முடியாத நிலை. 2022 நவம்பரில் பேஜா வட்டாரத்தில் போர்ச்சுகல் போலீஸ் நடத்திய சோதனையில் 35 பேர் கைதானார்கள். குற்றச்சாட்டு: ஆள்கடத்தல். பாதிக்கப்பட்டவர்களில் ருமேனியா, மால்டோவா, செனகல், மொராக்கோ, பாகிஸ்தான் நாட்டவரோடு இந்தியர்களும் இருந்தார்கள். ஆலிவ் நிலப்பரப்பைப் பற்றிப் பேசும்போது மண், தண்ணீர், பறவை என்று நிறுத்திக்கொள்கிறோம். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் படுத்துக் கிடக்கும் பழைய வீடுகளும் அந்த நிலப்பரப்புக்குள்தான் வருகின்றன என்று நான் நினைக்கிறேன்.

சரி, இதையெல்லாம் ஆள்வது யார்? விவசாய அமைச்சகம் மானியத்தைப் பார்க்கிறது. சுற்றுச்சூழல் துறை ஒவ்வொரு திட்டத்தின் பாதிப்பையும் தனித்தனியாகப் பார்க்கிறது. நகராட்சி தன் நில வரைபடத்தை வைத்திருக்கிறது. வீட்டுக்கும் தோப்புக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்று அது கேட்டாலும், பயிரைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதனிடம் குறைவு. எடியா தண்ணீர் விடுகிறது. மேலே பிரஸ்ஸல்ஸிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விவசாயக் கொள்கை வருகிறது. 2004 சீர்திருத்தம்வரை அந்தக் கொள்கையே எண்ணெய் அளவை வைத்துத்தான் ஆலிவுக்குப் பணம் கொடுத்தது. எண்ணெய் கூடினால் பணமும் கூடும். மேட்டுச் சரிவிலும் புல் பூண்டு இல்லாமல் உழுது மரம் வைக்கத் தூண்டியதில் அந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அல்கேவா பாசனப் பரப்பில் புதிய ஆலிவ் தோப்புகளுக்கு நடவு மானியம் கிடையாது என்று 2019-ல் போர்ச்சுகல் அரசு அறிவித்தது. அதற்குள் சமவெளியின் பெரும்பகுதி நடப்பட்டாயிற்று. மானியம் இல்லாமலே நடக்கூடிய பணம் நிதியங்களிடம் இருந்தது. அடுத்து பாதாம் பரவத் தொடங்கியது. ஒரு பயிரின் பெயரைச் சொல்லித் தடுத்தால் பணம் அடுத்த பயிருக்குப் போகும், நிலம் அதே மாதிரித்தான் இருக்கும்.

எல்லைக்கு அப்பால், ஆண்டலூசியாவின் ஹாயென் மாகாணத்தில் பிரச்சினையின் மறுபக்கம் தெரியும். அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் சுமார் 6.6 கோடி ஆலிவ் மரங்கள் இருப்பதாகச் சொல்வார்கள். மலைச்சரிவு, பழைய மரம், சிறு உரிமையாளர் என்பது அங்கே இன்னும் பெருவழக்கு. சமவெளி வேலித் தோப்பில் ஒரு கிலோ எண்ணெய்க்கு ஆகும் செலவைப்போல இரண்டு மடங்குவரை சரிவுத் தோப்பில் ஆகும். இயந்திரம் ஏறாத இடத்தில் ஆள்தான் ஏற வேண்டும். உலகச் சந்தையில் எண்ணெய் பெருகி விலை சரிந்தால் முதலில் கைவிடப்படுவது இந்தத் தோப்புகள்தான். கைவிட்ட சரிவில் புதர் மண்டும், கோடையில் தீ வரும். ஆக, பேஜாவில் நடும் ஒவ்வொரு வரிசைக்கும் ஏதோ ஒரு மலையோரத்தில் விளைவு இருக்கிறது. இரண்டையும் ஒரே கொள்கைக்குள் வைத்துப் பார்க்காதவரை, ஒரு பக்கம் மிகைப்பயன்பாடும் மறுபக்கம் கைவிடலும் சேர்ந்தே வளரும்.

ஹாயெனிலும் தண்ணீர்ச் சண்டை உண்டு. வறண்ட ஆலிவுக்குப் பாசனம் கொடுத்தால் விளைச்சல் எகிறும் என்று 1990-களில் கிணறுகள் பெருகின. உபேதா மேட்டின் நிலத்தடி நீர் கட்டுமீறி உறிஞ்சப்பட்டது. குவாதல்கிவிர் ஆற்றுப்படுகை ஆணையம் ஆலிவுக்கு ஹெக்டேருக்கு 1,500 கன மீட்டர் என்ற சிக்கன அளவை வைத்துப் பங்கிட முயன்றது. சிக்கனம் நல்லதுதான். ஆனால் ஹெக்டேருக்கான அளவைக் குறைத்து, மிஞ்சிய தண்ணீரில் இன்னும் அதிக ஹெக்டேரை நனைத்தால் ஆற்றுக்கு எதுவும் மிஞ்சாது. சொட்டு நீரை ஊக்குவிக்கும் எந்த நாட்டிலும் இந்த ஓட்டை இருக்கிறது. 2022-23 வறட்சியில் ஸ்பெயினின் எண்ணெய் உற்பத்தி முந்தைய பருவத்தின் சுமார் 15 லட்சம் டன்னிலிருந்து பாதிக்கும் கீழே, ஏழு லட்சத்தையும் தொடாமல் விழுந்தது. பாசனத்தை நம்பிப் பரப்பை விரித்த வட்டாரம், பாசனத்துக்கே தண்ணீர் இல்லாத ஆண்டை எப்படிச் சந்திக்கும் என்று அப்போது தெரிந்தது.

2023-ல் அங்கே நடந்த இன்னொன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஆண்டலூசியாவின் ஆலிவ் நிலப்பரப்புகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்க ஹாயென் மாகாண நிர்வாகம் பல ஆண்டுகள் உழைத்தது. அறிவிப்பு நெருங்கிய நேரத்தில் விவசாயிகளும் சில ஊராட்சிகளும் எதிர்த்தார்கள். பட்டியலில் ஏறிவிட்டால் மரத்தை வெட்டவும், ரகம் மாற்றவும், கொட்டகை போடவும் அனுமதி கேட்டு அலைய வேண்டியிருக்கும் என்பது அவர்கள் பயம். கடைசியில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். விவசாயிகளுக்கு நிலப்பரப்பின் மேல் அக்கறை இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டுவது அநியாயம். அந்த நிலப்பரப்பைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கியவர்களே அவர்கள்தான். என்ன கட்டுப்பாடு வரும், அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்ற பேச்சு தோப்புக்காரரிடம் தொடக்கத்திலேயே நடந்திருக்க வேண்டும். அறிஞர்கள் எல்லைக்கோடு வரைந்து முடித்த பிறகு கேட்டால், பயம்தான் பதிலாக வரும்.

முன்கூட்டியே பேசி, வட்டாரமாகத் திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பேஜா மாவட்டத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. காஸ்த்ரோ வெர்தே சமவெளியில் ஒரு வருடம் தானியம், அப்புறம் சில வருடம் தரிசு, அதில் ஆடு என்று சுழற்றி வந்தார்கள். நம் கானமயிலின் ஐரோப்பிய உறவினரான பெருங்கானமயிலுக்கு அந்தத் தரிசுதான் வீடு. மரம் நடும் திட்டங்கள் நெருங்கி வந்தபோது ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நிலம் வாங்கியது. 1995-ல் அந்த வட்டாரத்துக்கென்றே ஒரு மானியத் திட்டம் வந்தது. சுழற்சி முறையை விடாத விவசாயிக்குப் பணம், அறுவடைத் தேதியிலும் தரிசிலும் நிபந்தனை. 2017-ல் காஸ்த்ரோ வெர்தே யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. தானியத்தை விட்டு மாட்டுத் தீவனத்துக்குப் போகும் பண்ணைகளால் சிறிய கானமயில் இனம் வேகமாகக் குறைந்துவருகிறது. மானியத் தொகை காலத்துக்கேற்ப ஏறாவிட்டால் விவசாயி விலகுவார். இருந்தும் அந்தச் சமவெளி இன்னும் சமவெளியாக இருப்பதற்குக் காரணம், பறவையும் விவசாயியும் ஊரும் ஒரே திட்டத்துக்குள் வந்ததுதான்.

அல்கேவாவில் இப்படிச் செய்ய இதைவிட எளிய வழி கையிலேயே இருந்தது. தண்ணீர் தனியாருடையது இல்லை. அணை, கால்வாய், ஏற்று நிலையம் எல்லாம் போர்ச்சுகல் அரசும் ஐரோப்பிய நிதியும் கட்டியவை. தண்ணீருக்கு விவசாயி கட்டும் விலை முழுச் செலவை ஈடுகட்டுவதில்லை. பொதுப்பணத்தில் வரும் தண்ணீரோடு பொது நிபந்தனைகளும் வரலாம், வர வேண்டும். ஒரு பாசன வட்டத்தில் ஒரே பயிர் எத்தனை சதவீதம் போகலாம் என்பதற்கு வரம்பு. வீடுகளுக்கும் ஓடைகளுக்கும் விட வேண்டிய தூரம். தோப்புகளுக்கு நடுவே விட்டுவைக்க வேண்டிய தக்கை ஓக் மரக் கூட்டங்களும் புதர்க் கரைகளும். சக்கை போகும் வழிக்கு உத்தரவாதம். வேலையாட்களின் தங்குமிடத்துக்கும் சம்பளத்துக்கும் தோப்பு உரிமையாளரே பொறுப்பு என்ற கட்டாயம். இவற்றில் எது மீறப்பட்டாலும் வால்வை மூடலாம். வேறெந்தத் துறையிடமும் இவ்வளவு நேரடியான கருவி கிடையாது. தண்ணீர் போகும் ஒவ்வொரு குழாய்முனைக்கும் மீட்டர் இருக்கிறது.

ஆய்வாளர்களும் தோப்புக்காரர்களும் சேர்ந்து செய்து காட்டிய வேலைகளும் கைவசம் உண்டு. ஹாயெனை மையமாக வைத்து 2015-ல் தொடங்கிய ‘ஒலிவாரெஸ் விவோஸ்’ என்ற திட்டம், இருபது மாதிரித் தோப்புகளில் புல்லை விட்டுவைத்து, ஓரங்களில் புதர் நட்டு, சிறு குட்டைகள் வெட்டிப் பார்த்தது. பறவையும் தேனீயும் திரும்பி வந்தன, விளைச்சல் கெடவில்லை. இந்த எண்ணெய்க்குத் தனிச் சான்று முத்திரையும் கொடுக்கிறார்கள். 2023-ல் தொடங்கிய ஐரோப்பிய விவசாயக் கொள்கையின் கீழ் ஸ்பெயின், வரிசைகளுக்கு நடுவே புல்வெளி விடும் தோப்புகளுக்குப் பணம் கொடுக்கிறது, சரிவு கூடினால் தொகையும் கூடும். சரிவுத் தோப்பைக் காப்பாற்ற இது போதாது என்றாலும் திசை சரி.

நோய் அபாயத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இத்தாலியின் புலியாவில் 2013-ல் கண்டுபிடித்த சைலெல்லா பாக்டீரியா, நோய் எளிதில் பற்றும் இரண்டு ரகங்களையே பெரும்பாலும் நட்டிருந்த தெற்குப் பகுதியில் லட்சக்கணக்கான மரங்களைக் காய வைத்துவிட்டது. விஞ்ஞானிகளையும் அரசையும் மக்கள் நம்பாததால் மரம் வெட்டும் பணி 2015-ல் சட்டச் சிக்கலில் நின்றது. நோய் வடக்கே நகர்ந்தது. மூன்று நான்கு ரகங்களில் பல்லாயிரம் ஹெக்டேரை நிறுத்தியிருக்கும் அலென்தேஜு, அந்தப் பாடத்தை அடுத்த வீட்டுச் செய்தியாக ஒதுக்கிவிட முடியாது.

இதில் காலக்கெடு ஒன்றும் இருக்கிறது. பழைய மரம் நூற்றாண்டு வாழும் என்றால், வேலித் தோப்பின் பொருளாதார ஆயுள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள்தான். அப்புறம் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டும். அல்கேவாவின் முதல் அலைத் தோப்புகள் அந்த வயதை இப்போது நெருங்குகின்றன. முதல்முறை நட்டபோது யாரும் நிபந்தனை வைக்கவில்லை. நின்றுகொண்டிருக்கும் தோப்பை நடுவில் மாற்றச் சொன்னால் இழப்பீடு, வழக்கு என்று இழுக்கும். மறுநடவின்போது அந்தச் சிக்கல் குறைவு. வரிசை எங்கே தொடங்க வேண்டும், ஓடைக்கரையில் எவ்வளவு விட வேண்டும் என்று தண்ணீர் ஒப்பந்தத்திலேயே எழுதலாம். ஐரோப்பிய விவசாயக் கொள்கையின் இப்போதைய சுற்று 2027-ல் முடிகிறது. பேஜா, செர்பா, ஃபெரேரா நகராட்சிகளும் எடியாவும் லிஸ்பன் அமைச்சகங்களும் ஒரே மேசைக்கு வந்து மறுநடவு விதிகளை அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். தாமதித்தால், அடுத்த வாய்ப்பு இன்னொரு இருபது ஆண்டுக்குப் பிறகுதான்.